முதலில் வந்த வண்டி

“ஏன்டா, தண்ணி போட்டுக்கினு வண்டி ஓட்டினியா? எந்த வண்டியில எந்தப் பெட்டின்னுகூடப் பாக்க மாட்டியா?”

ஆம்புலன்ஸ் டிரைவர் டில்லிபாபுவின் சட்டையைப் பிடித்து உலுக்கினார் ஊர்த் தலைவர் முனிரத்தினம்.

பேண்டு வாத்தியம் பாதியில் நின்றிருந்தது. தெருவெல்லாம் பூ.

“தப்பாயிடுச்சுண்ணா” என்றான் டில்லிபாபு, தலையைத் தூக்காமல்.

வாசற்படியில் கைக்குழந்தையோடு நின்றிருந்தாள் ரத்னா. அவள் பின்னால், ஹாலில், ஆளுயரப் பெட்டி. அதற்குள் அவள் புருஷன் ரகு.

குவைத்தில் சாரம் சரிந்து செத்து இருபத்திரண்டு நாள். உடம்பு வருகிற தகவல் கிடைத்ததுமே முனிரத்தினத்திடம் போய் நின்றாள்.

“மாமா, அவரு சம்பாதிச்சுக் கட்டின வூடு. கிரகப்பிரவேசத்துக்குக்கூட லீவு கிடைக்கல. ஒரு பத்து நிமிஷம் உள்ள வெச்சு எடுத்துடறேன்.”

“வெளிய செத்த உடம்பு எல்லைக்குள்ள வரக்கூடாதும்மா. ஊருக்கு ஆகாது. நேரா சுடுகாட்டுக்குத்தான்.”

“அன்னிக்கே சிப்பாயும் வராராமே. அவருக்கு மட்டும் ஊர்வலமா?”

சிப்பாய் நயினார், இரண்டாம் உலகப் போரில் வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு பர்மாவுக்குப் போய், திரும்பாதவர். அங்கே ரோடு போடத் தோண்டியபோது எலும்பும் பெயர் பொறித்த கழுத்துத் தகடும் கிடைத்து, எண்பது வருஷம் கழித்து ஊருக்கு வருகிறார்.

“அவரு நாட்டுக்காகப் போனவரு. டிவிலேர்ந்து வராங்க. உம் புருஷன் கம்பி கட்டப் போனவன். ரெண்டும் ஒண்ணாம்மா?”

இன்று விமான நிலையத்தில் இரண்டு பெட்டிகளும் ஒரே சமயத்தில் கிடைத்தன. சிப்பாயை வாங்கப் போனது அவர் பேரன் கோதண்டராமன். ரகுவை வாங்கப் போனது ரத்னாவின் தம்பி.

முன்கண்ணாடியில் ‘சிப்பாய் நயினார்’ என்று ஒட்டிய வண்டி நுழைந்ததும், ஊரே பூவைக் கொட்டியது. மாஜி ராணுவக்காரர்கள் நாலு பேர் சல்யூட் வைத்தார்கள். முனிரத்தினம் செருப்பைக் கழற்றிவிட்டு முன்னால் நடந்தார். நாலு தெருவும் சுற்றி வந்து வண்டி ரத்னா வீட்டு வாசலில் நிற்க, யாரும் என்னவென்று கேட்பதற்குள் டில்லிபாபுவும் ஹெல்பரும் பெட்டியை உள்ளே இறக்கிவிட்டார்கள். அதன் மேல் எழுதியிருந்த பெயரை அப்புறம்தான் யாரோ படித்தார்கள்.

“தூக்குடா வெளிய” என்றார் முனிரத்தினம்.

“தூக்க வேணாம் மாமா. சாங்கியத்தை முடிச்சிட்டு நானே அனுப்பிடறேன்.”

அவள் குரலில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் ரத்னாவை விட்டுத் தெருப்பக்கம் திரும்பினார்.

“மஞ்சத்தண்ணி கரைங்கம்மா. நம்ம சிப்பாய் வர்றதுக்குள்ள தெருவைக் கழுவி வுடணும். டேய் டில்லி, உன் ஓனருக்குப் போன் போடறேன். நாளையிலேர்ந்து எவன் உனக்கு வண்டி குடுக்கறான்னு பாக்கறேன்.”

வண்டிக்கு ஆரத்தி எடுத்த வேல்விழி தட்டைக் கீழே போட்டுவிட்டுக் குளிக்க ஓடினாள். மற்றவர்கள் உள்ளங்கையில் ஒட்டியிருந்த இதழ்களை அருவருப்போடு உதறினார்கள்.

ரத்னா உள்ளே போய்ப் பெட்டியருகே உட்கார்ந்தாள். கட்டினவன் தன் வீட்டுக்குள் வந்ததுகூட, எவனோ கவனமில்லாமல் செய்த தப்பால்தானா?

ஸ்ட்ரெச்சரை எடுக்க உள்ளே வந்த டில்லிபாபு, கதவை ஒருக்களித்துவிட்டுத் தன் செல்போனை அவளிடம் நீட்டினான்.

“கோதண்டராமன் சார். உங்ககிட்ட பேசணுமாம்.”

வாங்கிக் காதில் வைத்தாள்.

“ரத்னா, வூட்டுக்குள்ள எறக்கிட்டாங்களாம்மா?”

“ம்.”

“உன் தம்பியும் எங்கூடத்தான் கீறான். படப்பையில வண்டியை ஓரங்கட்டிட்டு டீ குடிச்சிக்கினு கீறோம். நீ நிதானமா எல்லாம் செய். எங்க தாத்தா எண்பது வருஷமா வெளியதானே நின்னாரு, இன்னும் ஒரு மணி நேரம் நிப்பாரு.”