தூக்க எத்தனை பேர்?

கண்ணாடித் தொட்டியில் மீன் வளர்ப்பவன் குடும்பஸ்தன். அக்ரிலிக் பிளாஸ்டிக் தொட்டியில் வளர்ப்பவன் பெட்டியைக் கட்டிவைத்துக்கொண்டு காத்திருப்பவன். மனித குலத்தை இப்படி இரண்டாகப் பிரித்துக் காட்டியவர், ஜெர்மனியின் ஓல்டன்பர்க் நகர மீன் வளர்ப்போர் சங்கத்தின் தலைவர் டெட்லெஃப். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவர் இதைச் சொன்னபோது யாரும் சிரிக்கவில்லை. அவரும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

மறுநாள் காலை, மனைவி கெஸீனாவோடு தொட்டிக் கடையில் நின்றுகொண்டு, அதையே கடைக்காரர் ஓனோவிடமும் சொன்னார்.

"அக்ரிலிக்கை அப்படி ஒதுக்காதீங்க. பாதி கனம்தான். தெளிவுன்னா தெளிவு, தண்ணி நடுவுல நிக்கிற மாதிரி இருக்கும்," என்றார் ஓனோ.

"இருக்கும், ஒரு மாசம். அப்புறம் துடைக்கத் துடைக்கக் கீறல். நத்தை முறைச்சுப் பார்த்தாலே கோடு விழுந்துடும்."

கல்யாணமான வருஷம் தீக்குச்சி நீளத்தில் வாங்கிய ஐந்து லோச் மீன்கள், இப்போது ஆளுக்கு ஒரு சாண். பழைய தொட்டியில் திரும்ப இடமில்லாமல் பேருந்துக்கு நிற்பதுபோல நின்றன. இன்னும் பல வருஷம் இருக்கக்கூடிய ஜாதி. அவற்றுக்கும் தனக்கும் இதுதான் கடைசித் தொட்டி என்று டெட்லெஃப் முடிவு செய்திருந்தார்.

"அறுநூறு லிட்டர். கண்ணாடி. எழுதிக்குங்க."

கெஸீனா ஓரத்திலிருந்த அக்ரிலிக் தொட்டியை விரலால் தட்டிப் பார்த்தார். "இதைத் தூக்க எத்தனை பேர் வேணும்?"

"கண்ணாடின்னா நாலு பேர், அதுவும் நல்லா சாப்பிட்டவங்களா. இதுக்கு ரெண்டு பேர் போதும்," என்றார் ஓனோ.

"மாடிப்படித் திருப்பத்துல திரும்புமா?"

டெட்லெஃப் சிரித்தார். "நம்ம வீட்ல ஏது தாயே மாடி? உங்கப்பா ஊத்துன கான்கிரீட் தரை. பீரங்கி வண்டியையே கொண்டுவந்து நிறுத்தலாம்."

"மூணாவது மாடி. லிஃப்ட் கிடையாது," என்றார் கெஸீனா, ஓனோவைப் பார்த்தே. "ஏத்திடலாமா?"

"தூக்குற ரெண்டு பேரும் சண்டை போடாம இருந்தா ஏத்திடலாம்."

டெட்லெஃபின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு மாதமாகக் கெஸீனா காலை ரொட்டியைக் கடித்துக்கொண்டே வாடகை வீட்டு விளம்பரங்களைப் படித்தது இப்போதுதான் அவருக்கு உறைத்தது. கெஸீனாவின் கைப்பையிலிருந்து அளவு நாடா வேறு எட்டிப் பார்த்தது.

"ஓஹோ. கிளம்பறதுன்னு முடிவு பண்ணியாச்சு."

கெஸீனா மறுக்கவில்லை.

"சரி, போ. ஆனா மீனுங்க வராது. இத்தனை வருஷமா அதுங்களுக்குத் தண்ணி மாத்தினவன் நான். கண்ணாடிக்குள்ள, கான்கிரீட் மேல, இருந்த இடத்துலயே இருக்கும். பிளாஸ்டிக் பெட்டியில போட்டு மாடி மாடியா ஏத்தி இறக்க அதுங்க என்ன சர்க்கஸா? ஓனோ, ஆர்டர் போடுங்க."

ஓனோவுக்குத் திடீரென்று மேல் அலமாரியில் தூசி தட்டும் வேலை வந்துவிட்டது.

"நான் எங்க போகப் போறேன், டெட்லெஃப்?" என்றார் கெஸீனா. "அது எங்கப்பா வீடு."

சுற்றிலும் தொட்டிகள் குமிழி விட்டுக்கொண்டிருந்தன.

"உனக்குத்தான் வீடு பார்த்தேன். ரெண்டு ரூம், பால்கனி இருக்கு. மீன் இருக்குன்னு வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லிட்டேன். பரவாயில்லைன்னாங்க. தண்ணி கசிஞ்சா கீழ்வீட்டுக்குக் குடுக்க இன்சூரன்ஸ் மட்டும் எடுத்துக்கணுமாம்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"ரெண்டு வருஷமா சொல்லிட்டிருக்கேன். உனக்குத்தான் பம்புச் சத்தத்துல எதுவும் கேக்கலை."

கெஸீனாவின் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் டெட்லெஃப் ஏதாவது பேசிப் பார்த்திருப்பார். கெஸீனா அளவு நாடாவை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, "படி குறுகல்தான். அளந்துட்டு வாங்கு," என்று சொல்லிவிட்டுக் காரில் உட்காரப் போனார்.

டெட்லெஃப் கடையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். சங்கத்து ஆட்கள் யாரும் இல்லை. அக்ரிலிக் தொட்டியின் அருகே போய், நாடாவை விரித்து, அதன் அகலத்தை அளந்தார். பிறகு கீறல் ஏதும் இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"ஓனோ," என்றார், எந்தக் கூட்டத்திலும் யாரும் கேட்டிராத குரலில். "ரெண்டு பேர் போதும்னீங்களே... அந்த இன்னொரு ஆள், கடையிலேர்ந்து வருவாங்களா?"