மினுங்காத கைகள்

"ருமியானா இருக்கா. கலினா இருக்கா. ஸ்நெஜானா இருக்கா. பென்கா... பென்கா எங்கேடி?"

"இங்கதான் இருக்கேன் அக்கா," என்றாள் பென்கா, மூலையில் உட்கார்ந்து நகத்தைச் சுரண்டியபடி.

மழலையர் பள்ளியின் தலைமை ஆசிரியை வெலிச்கா, தன் கீழ் வேலை பார்த்த நான்கு பெண்களையும் முறைத்தாள். கையிலிருந்த, சீஸ் அடைத்த பனிட்சா அப்பத்தின் கடைசித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு, விரலில் ஒட்டிய வெண்ணெயை நக்கினாள். பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தார்கள். அதாவது, மிச்சமிருந்த பிள்ளைகள். பாதிப் பேர் வாந்தியும் பேதியுமாக வீட்டில் படுத்திருந்தார்கள்.

சுகாதார அலுவலகத்திலிருந்து டாக்டர் இலியேவா காலையிலேயே வந்துவிட்டாள். வந்ததும் கை கழுவ வேண்டும் என்று சாவி கேட்டாள். வெலிச்கா சுவரில் சோப்பு அறைச் சாவி தொங்கிய ஆணியைக் காட்டினாள். பிறகு டாக்டர் வகுப்பு வகுப்பாகச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அவள் மூடச் சொன்னால் நகராட்சி மூடிவிடும். பிள்ளைகள் குறைந்துபோன இந்த ஊரில், ஒருமுறை மூடிய மழலையர் பள்ளியை யாரும் மறுபடி திறந்ததில்லை.

"தொண்டை கிழியக் கத்தறேன்," என்றாள் வெலிச்கா. "மூக்கைத் துடைச்சு விட்டா கை கழுவு. கழிவறைக்குக் கூட்டிட்டுப் போய் வந்தா கை கழுவு. ஒருத்தி காதுலயாவது ஏறுதா? உங்க கையை நம்ப முடியாமதானே பிள்ளைங்களுக்கு ரொட்டியைக்கூட நானே பிச்சுக் குடுக்கறேன்."

"கழுவறோம் அக்கா," என்றாள் ருமியானா. வசந்தத்தை வரவேற்க மணிக்கட்டில் கட்டியிருந்த மார்ட்டெனிட்சா கயிற்றைத் தூக்கிக் காட்டினாள். "மார்ச் ஒண்ணாம் தேதி கட்டினது. எது சிவப்பு நூல், எது வெள்ளை நூல்னு சொல்லுங்க பார்ப்போம். காயறதுக்குள்ள மறுபடி ஈரம். நாரையைப் பார்த்தப்புறம்தான் அவிழ்க்கணுமாம். இது அதுக்கு முன்னாடியே அறுந்து விழுந்துடும்."

"வீட்ல பாத்திரம் தேய்ச்சாலும் நூல் கறுக்கும். அதைக் காட்டி என்னை ஏமாத்தாதே. ஏய் கலினா, நேத்து களிமண் உருட்டின கையோட ஆப்பிள் நறுக்கினியே, நான் பார்க்கலைன்னு நினைச்சியா?"

"நறுக்கப் போனேன். நீங்க கத்தினதும் போய்க் கழுவிட்டு வந்தேன்," என்றாள் கலினா. "சோப்பை வேற அறையில வெச்சுப் பூட்டிடறீங்க. சாவி எடுத்து, திறந்து, கழுவி, பூட்டி, திரும்ப மாட்டி... அதுக்குள்ள இங்க எது எதைக் கடிச்சு வைக்குமோன்னு ஓடி வர வேண்டியிருக்கு."

"பூட்டாம விட்டா சோப்பு யார் யார் வீட்டுக்குப் போகும்னு எனக்குத் தெரியும்."

ஸ்நெஜானா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்போது டாக்டர் உள்ளே வந்தாள். திரைச்சீலையை இழுத்துவிட்டு, பையிலிருந்து சிறிய நீல விளக்கை எடுத்தாள்.

"காலையில இங்க ஒரு இடத்துல ஒரு பொடியைத் தடவி வெச்சேன். சும்மா பார்த்தா தெரியாது. இந்த வெளிச்சத்துல மினுங்கும். எல்லாரும் கையை நீட்டுங்க."

ருமியானாவின் விரல்கள் பச்சையாக மினுங்கின. நூலின் இழைகளுக்குள்கூட மினுங்கியது. கலினாவுக்கு உள்ளங்கை முழுக்க. ஸ்நெஜானாவுக்குக் கை மட்டுமல்ல, மூக்கு நுனியிலும்.

பென்காவின் கையில் ஒன்றுமில்லை.

வெலிச்கா முந்திக்கொண்டு தன் கையையும் நீட்டினாள். புரட்டியும் காட்டினாள். ஒரு பொட்டுகூட இல்லை.

"பார்த்தீங்களா டாக்டரம்மா? இதுங்களோடதான் நான் மாரடிக்கறேன்." "சோம்பேறி சோம்பேறின்னு பென்காவைக் கேலி பண்ணுவீங்களே. அவ கையைப் பாருங்கடி. பார்த்துக் கத்துக்குங்க."

"யாரு, பென்காகிட்டயா?" என்றாள் ருமியானா. "அவ வீட்டுப் பூனை அவளைவிட அதிகமா கழுவும்."

இத்தனை வருடத்தில் முதல் பாராட்டு கிடைத்த பென்கா, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாதவள்போலக் கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"பள்ளிக்கூடத்தை மூடிடாதீங்க டாக்டரம்மா," என்றாள் வெலிச்கா. "இந்த மூணு பேரையும் இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன். பேரை எழுதிக்குங்க."

டாக்டர் எதையும் எழுதவில்லை. விளக்கை அணைத்தாள்.

"மூட வேண்டாம். முதல்ல அந்த சோப்பு அறைப் பூட்டைக் கழற்றுங்க. கழுவின கையால ஊர் அழுக்கெல்லாம் ஒட்டின சாவியைத் தொட்டா, கழுவி என்ன பிரயோஜனம்?"

"சாவியா?"

"பொடியை நான் தடவினது அந்தச் சாவியில மட்டும்தான். காலையிலேர்ந்து கை கழுவப் போனவங்க கைதான் மினுங்குது."

மூன்று பேரும் வெலிச்காவின் மணிக்கட்டைப் பார்த்தார்கள். அங்கே மார்ட்டெனிட்சா, கடையில் வாங்கியபோது இருந்த அதே சிவப்பும் வெள்ளையுமாக, பளிச்சென்று இருந்தது.

வெலிச்கா ஆணியிலிருந்து சாவியை எடுத்தாள், சோப்பு அறைக்குள் போனாள், கதவைச் சாத்தி உள்ளேயிருந்து பூட்டிக்கொண்டாள்.