மூச்சை விடும் பாடம்

தையற்காரியின் முகம் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வந்து நின்றுவிட்டது. அதற்குக் கீழே போக மறுத்தது.

இடுப்பளவுத் தண்ணீர்தான். ஆனால் குளத்தின் ஓரக் கம்பியைப் பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

"குனிஞ்சு, வாயால காத்தை ஊதுங்கக்கா. குமிழி வரணும். இன்னிக்கு அவ்வளவுதான் பாடம்," என்றாள் எதிரே நின்ற பெண்.

அவள் நீச்சல் மாஸ்டரின் மகள்.

மாஸ்டர் இறந்து இன்றோடு இரண்டு வருடம். சின்ன வயதில் அவரிடம் நீந்தப் பழகியவர்கள் எல்லாரும் சேர்ந்து, அந்த நாளில் நீச்சல்குளத்தை வாடகைக்கு எடுத்து, ஊரில் நீந்தத் தெரியாத யார் வந்தாலும் இலவசமாகக் கற்றுக்கொடுக்கிறார்கள். கற்க வரும் ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு ஆள். மாஸ்டரின் வழக்கப்படி முதல் நாள் கைகாலுக்கு வேலை கிடையாது. தண்ணீருக்குள் மூச்சை விடத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும் என்பாராம்.

பக்கத்தில் தொப்பை பெருத்த பஸ் டிரைவர் எருமைபோலப் புஸ்புஸ்ஸென்று ஊதிக்கொண்டிருந்தார். சாலையில் யாருக்கும் வழிவிடாத மனுஷன், இங்கே தன் மகள் வயதுப் பெண்ணுக்கு 'சரிங்க டீச்சர்' போட்டுக்கொண்டிருந்தார். குளமே சிரித்தது.

தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை பேர் இருக்க, போயும் போயும் இவளிடமா வந்து மாட்ட வேண்டும்!

பதிவுத் தாளில் பொய்ப் பெயர் எழுதியிருந்தாள். தெருவையும் மாற்றி எழுதியிருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான்.

இரண்டு வருடத்துக்கு முன் ஆற்றில் வழுக்கி விழுந்தவள் அவள்தான். குதித்து வந்து அவளைக் கரையில் தள்ளியவர் மாஸ்டர்.

தள்ளியவர் கரையேறவில்லை.

அவளுக்கு நினைவு திரும்பியது ஆஸ்பத்திரிக் கட்டிலில். துக்கம் கேட்கக்கூட அந்த வீட்டுப் படி ஏறவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அன்றிலிருந்து தலைக்கு ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றினாலே மூச்சு முட்டுகிறது. ஒரு மனுஷன் உயிரைக் கொடுத்து மீட்ட உடம்பு, குளியலறையில் நின்று நடுங்குவது அவளுக்கே அவமானமாக இருந்தது. அதனால்தான் வந்தாள்.

இந்தப் பெண் மட்டும் கண்டுபிடித்துவிட்டால்? இத்தனை பேர் முன்னால், எங்கப்பாவைத் தின்றவளே, வெளியே போ என்று சொல்லிவிட்டால்?

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மகள் தன் முகத்தையே உற்றுப் பார்ப்பதுபோல் தையற்காரிக்குத் தோன்றியது.

குனிந்தாள். மூக்கு நுனியில் தண்ணீர் பட்டதும் விருட்டென்று நிமிர்ந்தாள்.

மறுபடி குனிந்தாள். இந்தமுறை மூச்சை இழுத்து நெஞ்சுக்குள் பூட்டிக்கொண்டாள். கண்ணில் பூச்சி பறந்தது. அப்போதும் விடவில்லை.

மகள் நெருங்கி வந்தாள். கம்பியிலிருந்து தையற்காரியின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"பேரை ஏன்க்கா மாத்தி எழுதினீங்க?"

தையற்காரி கையை வெடுக்கென்று இழுத்தாள். பிடி தளரவில்லை.

"அன்னிக்கு நானும் கரையில இருந்தேன்." பக்கத்தில் யாருக்கும் கேட்காத குரலில்தான் சொன்னாள். "உங்களுக்கு மூச்சே இல்ல. நீங்க இருமற வரைக்கும் வாயில வாய் வச்சு ஊதிட்டே இருந்தேன். அப்புறம்தான் திரும்பிப் பாத்தேன். ஆத்துல யாரும் இல்ல."

டிரைவர் இன்னும் ஊதிக்கொண்டுதான் இருந்தார்.

மகளின் கண்ணில் கோபம் இருந்தது. இரண்டு வருடக் கோபம். அதை அவள் மறைக்கவும் இல்லை, கையை விடவும் இல்லை.

"நான் ஊதின மூச்சுக்கா அது. பூட்டி வைக்காதீங்க. விடுங்க."

தையற்காரி குனிந்தாள்.