சம்பந்தியம்மாள் வந்தாள்

பட்டுச் சேலையும் பூ, பழத் தட்டுமாக ஜெயபாரதி மறுபடி வந்ததும், "வாங்க சம்பந்தியம்மா!" என்று மாம்பலத்தில் அந்தத் தெருவுக்கே கேட்கும்படி வரவேற்றாள் தங்கம்.

"மாசக்கணக்கா வர்றாங்க, இன்னுமா முடிவு சொல்லல?" என்றாள் பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்.

தங்கம் சிரித்து மழுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினாள்.

"சளியில கிருமியே இல்ல. உங்க பொண்ணு குணமாயிட்டா!" என்றாள் ஜெயபாரதி.

தங்கத்துக்குப் போன உயிர் திரும்பியது. ஜெயபாரதி நர்ஸ் உடுப்பில் வரக் கூடாது என்ற நிபந்தனையோடுதான், வீட்டிலேயே வைத்து மருந்து கொடுக்கும் டி.பி. ஆராய்ச்சியில் மகளைச் சேர்க்கச் சம்மதித்திருந்தாள். தெருவுக்குத் தெரிந்தால் கல்யாணம் நடக்குமா?

ஜெயபாரதி போனதும் பேச்சியம்மாள் கொல்லைப்பக்கமாக வந்து தங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த நர்ஸம்மாவை எங்க வீட்டுக்கும் சம்பந்தியா வரச் சொல்லு தங்கம். என் பொண்ணும் ராத்திரியெல்லாம் இருமுறா."