இடப்பக்கப் பலகைகள்

பக்கவாதம் வந்து வலது கை நடுங்கத் தொடங்கிய பிறகுதான் சவரிராயன் அந்தப் பெட்டியை வாங்கினார். ரிமோட்டில் ஓடும் மரப்படகின் பாகங்கள் அதற்குள் இருந்தன. ஆறு மாதமாக ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தார். அன்று மத்தியானம் தூங்கி எழுந்து வந்து படகைத் தடவிப் பார்த்தவர் திகைத்து நின்றார். இடப்பக்கப் பலகைகள் எல்லாம் இடைவெளியே இல்லாமல் நேராக இருந்தன.

“யாரு தொட்டது?”

“நாந்தாம்ப்பா,” என்றாள் மகள் ஸ்டெல்லா. “நீங்க ஒட்டுனது கோணலா இருந்துச்சு. தண்ணியில விட்டா முங்கிருமுல்லா?”

“முங்கட்டும்! நான் கட்டுன படகுதான முங்கும்? ஒன்னய யாரு கேட்டா?”

சத்தம் போட்டதில் வாயோரம் எச்சில் வழிந்தது. துடைக்க வந்தவளின் கையைத் தட்டிவிட்டார். கத்தி முனையைக் கொடுத்து, அவள் ஒட்டிய பலகைகளை நெம்பிப் பெயர்த்தார். இரண்டு உடைந்தன. மிஞ்சியதில் ஒன்றை எடுத்துப் பசை தடவி வைத்தார். அது கோணிக்கொண்டு போனது. ஸ்டெல்லாவின் கை தானாக நீண்டது. அவர் ஏறிட்டுப் பார்த்தார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். நடுங்கும் கட்டைவிரலால் பலகையை அழுத்தியபடி, பசை காயும்வரை அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார்.