கீழ்மூலையில் ஒரு மனிதர்

“இந்தக் காவாலி வேலையைச் செய்தது ஆர்? எனக்கு இப்பவே பேர் வேணும், மெற்றில்டா!”

கொட்டாஞ்சேனைத் தேவாலயப் பங்கு வாசிகசாலையின் செயலாளர் றேமண்ட் மேசையில் போட்ட அடியில் மையொற்றுத் தாள் பறந்து கீழே விழுந்தது.

வாசிகசாலைப் பொறுப்பாளர் மெற்றில்டா குனிந்து அதை எடுத்தாள். அவசரமே இல்லாமல் எடுத்தாள்.

ஐந்து நிமிடத்துக்கு முன்புவரை றேமண்டின் கால் தரையில் பாவவில்லை. பின்னேரம் ஆண்டுக் கூட்டம். இந்த வருடம் அதிகம் பேர் எடுத்துப்போன புத்தகம் எது என்று அறிக்கையில் எழுத வந்தவர், பதிவேட்டில் தன் புத்தகத்தின் பெயரையே கண்டார். ‘துறைமுகத்தில் முப்பத்தொரு வருடங்கள்’. நாற்பத்தொரு தடவை! கிருலப்பனையிலிருந்துகூட ஒருவர் இரண்டு பஸ் மாறி வந்து எடுத்திருக்கிறார்.

கிளாக்கர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் மூன்று வருடம் குனிந்த தலை நிமிராமல் எழுதிய புத்தகம் அது. வீட்டில்தான் அதற்கு மரியாதை இல்லை. மனைவி கொன்ஸ்ரன்ஸ் கலியாணச் சட்டைத் துணிகளில் பென்சிலால் பூக் கீறி, அதன்மேல் நூல் வேலை செய்பவள். “ஒரு பக்கமாவது வாசிச்சுப் பாருமப்பா” என்றால், “எனக்கு நேரம் எங்க கிடக்கு?” என்பாள்.

அவள் வாசிக்காவிட்டால் என்ன, ஊர் வாசிக்கிறதே! பூரித்துப்போய்ப் புத்தகத்தைத் திறந்தார். வலப்பக்கத் தாளின் கீழ்மூலையில் பென்சிலால் கீறிய ஒரு சின்ன மனிதர். அடுத்த தாளிலும் அவரே. நூற்றிருபது தாளிலும் அவரே.

“சட்டம் என்ன சொல்லுது?” சுவரில் தொங்கிய பலகையை றேமண்ட் காட்டினார். அவருடைய சொந்தக் கையெழுத்தில் இரண்டு சட்டங்கள். ஒரு வருடமாக யாரும் எடுக்காத புத்தகம் பழைய கடதாசியாக நிறைக்குப் போடப்படும். புத்தகத்தில் கிறுக்குபவரின் அங்கத்துவம் ரத்துச் செய்யப்படும். முதலாவதை எழுதும்போது அவர் நினைத்தது மற்றவர்களின் புத்தகங்களை.

“விடுங்கோ சேர். அழிறப்பரால அழிச்சாப் போயிடும்.”

“விடுறதோ? நாப்பத்தொரு பேர் இதைப் பாத்திருப்பினம். என்ர மானம் என்னாகிறது?”

மெற்றில்டா பெருமூச்சு விட்டாள். “சேர், அவை இதைப் பாக்கத்தான் எடுத்தவை.”

“என்ன?”

“பெருவிரலால தாளுகளை வளைச்சுப் பிடிச்சு, ஒவ்வொண்டா டக்டக்கெண்டு விடுங்கோ. காட்ஸ் கட்டு மாதிரி.”

விட்டார்.

கீழ்மூலை மனிதர் அசையத் தொடங்கினார். வழுக்கைத் தலை. காதில் ஒரு பேனா. கையில் இன்னொரு பேனா. மேசையில் குனிந்து எழுதினார், எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு பெண் கோப்பையோடு வந்தாள். வைத்துவிட்டு நின்றாள். அவர் நிமிரவில்லை. ஆறிய கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். இன்னொன்று கொண்டுவந்தாள். அதையும் எடுத்துக்கொண்டு போனாள். மூன்றாவது தரம் வந்தவள், அவர் பக்கத்தில் நின்றபடியே தேத்தண்ணியைத் தானே குடித்துவிட்டாள்.

கடைசித் தாளில்தான் மனிதர் தலையை நிமிர்த்தினார். வாய்க்குப் பக்கத்தில் எறும்பளவு எழுத்து: ‘தேத்தண்ணி எங்க?’

றேமண்டின் கை தன்பாட்டில் காதுக்குப் போனது. பேனா அங்கேதான் இருந்தது.

“இதை... ஆர் கீறினது?”

மெற்றில்டா பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு நேரே, பூரிப்பில் அவர் கவனிக்காமல் விட்ட முதல் பெயரைத் தொட்டுக் காட்டினாள். திருமதி கொன்ஸ்ரன்ஸ் றேமண்ட்.

“வருசத் தொடக்கத்தில உங்கட முதலாம் சட்டப்படி, ஆரும் எடுக்காத புத்தகங்களைக் கடலை சுத்தக் கடலைக்காரனுக்குக் கட்டி வைச்சனான். உங்கட புத்தகம்தான் மேல கிடந்தது, சேர். சொல்ல எனக்கு வாய் வரேல்லை. அன்ரி கண்டிட்டா. ‘ரெண்டு கிழமைக்கு என்னட்டத் தாரும் பிள்ளை’ எண்டு கட்டைப் பிரிச்சு எடுத்துக்கொண்டு போனவ. திருப்பித் தந்த நாளில இருந்து அது அலுமாரியில நிண்டதே இல்லை.”

றேமண்ட் அந்தப் பெயரை விரலால் தடவினார். ஆனாலும் எழுத்தாளர் அல்லவா?

“அப்ப அவவும் வாசிக்கேல்லை. படம் மட்டும் கீறினவ.”

“இல்லை சேர். தரேக்க ஒண்டு சொன்னவ. ‘உள்ளுக்குப் பதினெட்டு எழுத்துப்பிழை கிடக்கு. மனுசனிட்டச் சொல்லிப்போடாதையும், நித்திரை கொள்ளாது’ எண்டு.”

அன்றைய கூட்டத்தில் அதிகம் பேர் எடுத்த புத்தகத்தின் பெயரைச் செயலாளர் வாசித்தபோது, சனம் கொல்லென்று சிரித்தது. அவரும் சிரித்தார், கொஞ்சம் பிந்தி. பிறகு இரண்டு சட்டங்களையும் நீக்கும்படி முன்மொழிந்தார். ஏன் என்று கேட்ட ஒருவரை முறைத்துப் பார்த்து இருத்தினார்.

வீட்டுக்கு வந்தவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் போனார். சீனிப்போத்தலைத் தேடவே பத்து நிமிடம் பிடித்தது. கோப்பையைக் கொண்டுபோய்க் கொன்ஸ்ரன்ஸின் மேசையில் வைத்துவிட்டு நின்றார்.

அவள் துணியில் பூக் கீறிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

தேத்தண்ணி ஆறியது. எடுத்துக்கொண்டு போய் இன்னொன்று ஊற்றிவந்தார். அதுவும் ஆறியது.

மூன்றாவது கோப்பையோடு அவர் அறை வாசலுக்கு வந்தபோது, பென்சிலை நிறுத்தாமலே அவள் சொன்னாள்:

“அதை நீங்களே குடியுங்கோ.”