சில்வண்டுகளை மீறிய குரல்

மைனா பொன்மூக்கி இரையோடு திரும்பியபோது, மரத்துக்கு மேலே வல்லூறு வட்டமிட்டுக்கொண்டிருந்தது. குஞ்சுகளோ பொந்து வாசலில் வேடிக்கை பார்த்து நின்றன.

“உள்ளே போங்க!” என்று கீச்சிட்டாள். சில்வண்டுகளின் இரைச்சல் அதை விழுங்கிவிட்டது.

“இன்னும் உரக்கக் கத்தும்மா!” என்றது பக்கத்துக் கிளைக் காகம்.

“கத்தி இந்தச் சில்வண்டுங்களை ஜெயிக்க முடியாதுண்ணே. ஆனா இதுங்களுக்குத் தெரிஞ்சது ஒரே சுருதிதான்,” என்றாள் பொன்மூக்கி.

உடனே சுருதியை ஏற்றியும் இறக்கியும், தாவித் தாவிக் கூப்பிட்டாள். பல கூவல்கள் இரைச்சலில் அமிழ்ந்தன. சில தப்பிப் போய்ச் சேர்ந்தன. குஞ்சுகள் உள்ளே பாய்ந்தன. வல்லூறின் நகங்கள் வெறும் மரப்பட்டையைக் கீறின.

அது பறந்து போனதும், “அம்மா, கீழ்க்குரல்லதானே கூப்பிட்டே?” என்றது மூத்தது.

“இல்லை, உச்சக்குரல்ல!” என்றது இளையது.

பொன்மூக்கி இருவருக்கும் இரையை ஊட்டினாள்.

“ரெண்டு பேருக்கும் கேட்டுச்சில்ல? சாப்பிடுங்க.”